யாருக்கு அந்த இடம்?

மாட்டுத்தாவணி போன்ற பஸ் நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு. நல்லது. அங்கே வண்டி நிறுத்த அனுமதி யாருக்கு?

"40 சதவீத ஊனச் சான்று உள்ளவருக்கு" என்று சொல்லி அதிகாரிகள் கோப்பை மூடிவிடலாம். நாம் இதை ஏற்கவில்லை. கை இழந்த தொழிலாளிக்குச் சதவீதம் கூடுதல். ஆனால் அவர் நடப்பார். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்ட மில் தொழிலாளி நூறு அடி நடந்தால் மூச்சிரைத்து நிற்பார். சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் அவருடைய நோயே இல்லை! தேர்வெழுத உதவியாளர் பெற 40 சதவீதம் கட்டாயமல்ல என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2019 முதல் வெளியே தெரியாத குறைபாடு உள்ளோரும் அனுமதி அட்டை கோரலாம்.

கதவை அகலத் திறந்தால் செல்வாக்குள்ளவர்கள் புகுந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு வழி, உண்மையான நோயாளியை வெளியே நிறுத்துவதல்ல, போலியைத் தண்டிப்பதே.

எனவே நாம் கோருவது: நடக்க இயலுமா என்பதே அளவுகோலாகட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் இலவசமாகச் சான்று தரட்டும். கால் முறிந்தவருக்குக் குணமாகும்வரை தற்காலிக அனுமதி வேண்டும். அனுமதி வண்டிக்கல்ல, ஆளுக்கே. அவர் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்தாலும், வாடகை ஆட்டோவில் வந்தாலும் செல்ல வேண்டும். கார் உள்ளவனுக்கு மட்டும் கிடைத்தால் அது உரிமையல்ல, சலுகை.

மாநகராட்சி இதைச் செய்ய வேண்டும். செய்ய வைப்பது மதுரை மக்களின் கடமை.