தொண்ணூறு சதவீதத்தின் நாயகர்

பீட்டர் கிராண்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

லெட் ஸெப்பெலின் இசைக்குழுவை 1968 முதல் 1980 வரை நிர்வகித்தவர் கிராண்ட். லண்டனில் விடுதி வாசற்காவலராகவும் மல்யுத்த வீரராகவும் காலம் தள்ளிய பின் இசைத்தொழிலுக்கு வந்தவர். அவருடைய சாதனையை நான் மறுக்கவில்லை. கச்சேரி வசூலில் ஏற்பாட்டாளர்கள் கணிசமான பங்கைத் தமக்கென்று எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தொண்ணூறு சதவீதம் இசைக்குழுவுக்கே என்று அடித்துப் பேசி வாங்கினார். சில ஆண்டுகளுக்கு முன்புதான் பீட்டில்ஸின் பெயரைத் தாங்கிய பொம்மைகளும் விக்குகளும் விற்ற வருமானத்தில் வெறும் பத்து சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டு ஏமாந்திருந்தது பிரையன் எப்ஸ்டைன் தரப்பு. 1971இல் வெளிவந்த நான்காவது ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. கம்பெனிக்காரர்களின் பதற்றத்தைப் பொருட்படுத்தாமல் கலைஞர்களின் பக்கம் நின்றார் கிராண்ட். இதெல்லாம் உண்மை.

ஆனால் 1977 ஜூலை 23இல் ஓக்லாந்தில் நடந்ததும் உண்மை. அறைவாசலில் மாட்டியிருந்த பெயர்ப்பலகையை எடுக்க முயன்றான் கிராண்ட்டின் மகன், சிறுவன். ஏற்பாட்டாளர் பில் கிரஹாமின் ஊழியர் ஒருவர் தடுத்தார். பையனிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார் என்று சொல்லி, முதலில் டிரம்மர் பான்ஹம் அவரை உதைத்தார். பிறகு கிராண்ட்டும் பாதுகாவலர் ஜான் பிண்டனும் ஒரு டிரெய்லருக்குள் வைத்து அந்த ஊழியரை அடித்து நொறுக்கினார்கள். இன்னொருவர் கதவைக் காவல் காத்தார். மறுநாள் மேடையேறுமுன், வழக்குத் தொடுப்பதில்லை என்று கிரஹாமிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையுமாக முடிந்தது.

இசைத்தொழிலே அன்று அடாவடிக்காரர்கள் கையில் இருந்தது, முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும் என்பார்கள். சரி, எடுத்தது எந்த முள்ளை? அந்த ஊழியர் யாருடைய சதவீதத்தையும் தின்றவர் அல்லர். கூலிக்கு வேலை பார்த்தவர். அதே 1971இல் வான்கூவரில் திருட்டுப் பதிவுக் கருவி என்று நினைத்து இவர்கள் உடைத்தது, இரைச்சலை அளக்க வந்த அலுவலர்களின் கருவியை. (இதையும் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார்கள்.) அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மத் எர்டகனிடம் பேச மேசையும் நாற்காலியும் இருந்தன. முஷ்டி எப்போதும் கீழ்நோக்கியே இறங்கியது.

கலைஞனுக்கு நியாயம் கேட்பவரின் கை மேடைக்குப் பின்னால் மூட்டை தூக்குபவன் மேல் விழும்போது, அதைக் கலையின் பெயரால் மன்னிக்கும் பழக்கம் இலக்கிய வாசகர்களிடமும் உண்டு. மேதைகளின் முரட்டுத்தனத்துக்கு நாம் தரும் சலுகையை அவர்களுடைய காவலாட்களுக்கும் நீட்டிவிடுகிறோம். 1985இல் வந்த ஸ்டீபன் டேவிஸின் நூல் தொடங்கி இக்குழுவைப் பற்றிய புத்தகங்கள் இத்தகைய கதைகளாலேயே விற்றன.

கிராண்ட் 1995 நவம்பரில் இறந்தார். மறு ஆண்டே பிரிட்டனின் இசை மேலாளர்கள் தங்கள் விருதுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.