நாற்பது லிட்டர் சமுத்திரம்

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டு முடிந்து வாடகை அறைக்குத் திரும்பும் இளைஞன் ஒருவன், தன் கைத்திறனை நம்பி, கண்ணாடிப் பலகைகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி, 40 லிட்டர் கொள்ளும் தொட்டியொன்றில் சமுத்திரத்தைக் குடியேற்ற விரும்புவானாயின், அந்த ஆசையை மனமார வரவேற்கிறேன். ஆனால் அத்தொட்டியில் உயிருள்ள பவளம் இருத்தலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்ற கணக்கில் 1,400 கிராம் கரைந்த அச்சிறு நீர்ப்பரப்பைச் சித்திரை வெயில் ஆவியாக்கும்போது, உப்பு மட்டும் பின்தங்கிச் செறிவேறுவதால், குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். மேலே ஒரு சிறு விசிறியைச் சுழலவிட்டால், அதே ஆவியாதல் சூட்டையும் தணிக்கும். மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனின்றிக் காத்திருக்கும் பொறுமையே அரிது.

பவளத்தையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு, முன்னாளில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக நீருள் அமிழ்ந்தன என்பதை நினைக்க நெஞ்சம் பதைக்கிறது. பாறைதான் வேண்டுமெனில், சிமெண்டும் மணலும் குழைத்து வார்த்த கல்லைப் பல வாரம் ஊறவைத்துக் காரம் போக்கலாம்; அதனிடையே வாழ, பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள் உண்டு, அவற்றை வளர்க்கும் வித்தையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முன்பே நமக்கு அளித்திருக்கிறது.