மலைப் பயணத்தில் அம்மாவுக்கும் ஓர் இருக்கை

கடலூர், சிதம்பரம் வட்டார மக்களுக்கு மலை என்பது என்றும் வெளியூர்ச் சங்கதியே. கடலூரை அடுத்த கேப்பர் மலையை மலை என்று அழைப்பது நமது பெருந்தன்மை. ஆகவே, கோடை விடுமுறை பிறந்ததும் விருத்தாசலம், ஆத்தூர் வழியாக ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ குடும்பத்தோடு காரில் புறப்படுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கூடாரத்தில் தங்குவதும் மலைப்பாதையில் நடப்பதும் அண்மைக் காலத்தில் அதனுடன் சேர்ந்துகொண்டன.

இதய நோயோ நீரிழிவோ உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், இந்தப் பேச்சு எழும்போது இரண்டில் ஒன்று நிகழ்கிறது. “உங்களால் முடியாது, வீட்டிலேயே இருங்கள்” என்று அவரை விட்டுச் செல்கின்றனர். அவருக்குத் துணையாக மகளோ மருமகளோ தங்கிவிடுகிறார். அல்லது, விட்டுவிடுவார்களோ என்னும் அச்சத்தால், மூச்சு வாங்குவதையும் மார்பு இறுக்கத்தையும் மறைத்துக்கொண்டு அவரும் வண்டியில் ஏறிவிடுகிறார். முன்னது வருத்தம் தருவது; பின்னது உயிருக்கே ஆபத்தானது. ஆனால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்பதைக் குடும்பத்தார் எண்ணிப் பார்ப்பதில்லை. பயணத் திட்டத்தை நோயாளியை நீக்கிவிட்டுத் தொடங்காமல், அவரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதே நமது கருத்து.

உயரத்தைக் குறித்த அச்சம் பெரும்பாலும் மிகையானது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். நோய் கட்டுக்குள் இருப்பவர் ஏற்காட்டில் ஏரிக்கரையில் உலவி வருவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர், படுத்தால் மூச்சுத் திணறுபவர், கடும் நுரையீரல் நோயோ மிகுந்த இரத்தசோகையோ உள்ளவர் ஆகியோரின் நிலை வேறு. மருத்துவர் இசைவின்றி அவர்கள் புறப்படலாகாது.

உண்மையான இடர் உயரத்தில் இல்லை, ஏற்றத்தில் உள்ளது. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அங்கே முதலில் இறக்கம், பிறகே ஏற்றம். மற்ற மலைகளில் களைத்தவர் பாதியில் திரும்பிவிடலாம்; இங்கே களைப்பு தெரியும் நேரத்தில் ஏற வேண்டியது முழுவதும் எஞ்சியிருக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கோ இறங்கும் படிகளே போதும். கோவை வெள்ளியங்கிரியில் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறிய பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். அதன் பின்னர், இதய நோய், மூச்சுத்திணறல் போன்ற பாதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது. பக்தியும் பேரக்குழந்தையின் அழைப்பும் இதயத் தசைக்குக் கூடுதல் இரத்தம் தருவதில்லை.

புறப்படுவதற்குச் சில நாள் முன்னர் ஓர் எளிய சோதனை செய்யலாம். நிற்காமல், மார்பு வலியோ மூச்சிரைப்போ இன்றி, இரண்டு மாடிப் படிகளை வழக்கமான வேகத்தில் ஏற முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவருக்கு அருவிப் படிகள் வேண்டாம். மேலே காட்சி முனையில் அவருடன் ஒருவர் அமர்ந்திருக்கட்டும். மாறி மாறி அமர்வது நலம். ஒருவரே எப்போதும் காவலிருந்தால் அது அவருக்குப் பயணமே அன்று.

கழிப்பறையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வழியில் ஒதுங்க இடமிராது என்று பெண்கள் காலையிலிருந்தே நீர் அருந்துவதை நிறுத்திவிடுகின்றனர். இதய நோயாளிகள் சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். முன்னதன் விளைவு சிறுநீர்த் தொற்று. பின்னதன் விளைவு மறுநாள் கால்வீக்கமும் இரவு மூச்சுத்திணறலும். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவது ஓட்டுநரின் கண்ணுக்கும் முதியவரின் கால் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. நீரிழிவு மாத்திரை உண்டோ இன்சுலின் செலுத்தியோ சிற்றுண்டி முடித்தவர் இந்த வளைவுகளில் அதனை வாந்தி எடுத்துவிட்டால், சர்க்கரை சட்டென்று தாழும். வியர்வை, நடுக்கம், பிதற்றல் ஆகியவற்றை வெறும் மயக்கம் என்று எண்ணிவிடாமல் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கடையில் கிடைக்கும் வாந்தி மாத்திரையைக் கேளாமல் விழுங்க வேண்டாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளக்கூடும். வெயிலில் பூட்டிய காருக்குள் இன்சுலினை வைக்காதீர்கள். பனிக்கட்டியின் மீது நேரடியாகவும் வைக்காதீர்கள்.

கூடாரத்தைப் பொறுத்தவரை, அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே தங்க வேண்டும். 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் மாண்டதை நாடு மறக்கவில்லை. வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் பாதைகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டுள்ளன. அந்தப் பிரிவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

புல்வெளியில் படுத்துத் திரும்பியவருக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், பயணத்தை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். மிகச்சிறிய பூச்சிகள் கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சலாக அது இருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சுட்ட தழும்பு போன்ற கறுத்த பொருக்கு தெரியலாம். வலிக்காததால் நோயாளியே அதனைக் கண்டிருக்க மாட்டார். முற்றினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இந்நோய், தொடக்கத்தில் விலை குறைந்த மாத்திரைகளுக்கே கட்டுப்பட்டுவிடும். நம் ஊர் வயற்புதர்களிலும் இது தொற்றக்கூடும். மலையின் மீது மட்டும் பழி போட முடியாது.

மலைமேல் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிட்டாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனை எவ்வூரில் உள்ளது என்பதை அடிவாரத்திலேயே விசாரித்து, மருந்துச் சீட்டின் படியுடன் ஒரு தாளில் எழுதி, ஓட்டுநரின் இருக்கைக்கு அருகில் வையுங்கள். மாத்திரைப் பெட்டியை இம்முறை வழக்கமாகப் பார்த்துக்கொள்பவர் அல்லாமல் வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.