உயிருக்குச் சம்பளச் சீட்டா?



2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். வளைகுடாவில் பாடுபட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

தவறு பயணிகளுடையதா? இறங்காதே, மேலே எழும்பு என்று துணை விமானி எச்சரித்தும் விமானி இறக்கினார் என்றது விசாரணை மன்றம்.

2011இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், குடும்பத்துக்குக் குறைந்தது 75 லட்சம் ரூபாய் என்றார். விமான நிறுவனம் அப்பீல் போனது. அதே ஆண்டு டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. நஷ்டத்தை நிரூபிக்க வேண்டுமாம்! நஷ்டத்தின் அளவுகோல் எது? சம்பளம்!

2020இல் உச்சநீதிமன்றம் ஒரு கம்பெனி அதிகாரியின் குடும்பத்துக்கு 7.64 கோடி வழங்கியது. பத்தாண்டு போராடிப் பெற்றார்கள். அவர்கள்மேல் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் கொத்தனாரின் விதவை பத்தாண்டு கோர்ட் படி ஏறுவாளா? ஏறினாலும் எவ்வளவு கிடைக்கும்?

நான் ரயில்வே குமாஸ்தா. ரயில் விபத்தில் இறந்தால் 2017 முதல் 8 லட்சம். முதல் வகுப்பானாலும் பொதுப் பெட்டியானாலும் அதே தொகை. அது போதாதுதான். ஆனால் சம்பளம் என்னவென்று யாரும் கேட்பதில்லை!

ரயிலில் உள்ள நியாயம் ஆகாயத்தில் ஏன் இல்லை? நம் பிள்ளைகளும் வளைகுடா போகிறார்கள். குறைந்தபட்சத் தொகையைச் சட்டத்திலேயே எழுது என்று ஒன்றுபட்டுக் கேட்போம்!