பாடமும் பாட்டும்

எதிர் வீட்டு நண்பர் சென்ற வாரம் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தார். வாதி அவர், பிரதிவாதி அவருடைய சீமந்த புத்திரன். பையனுக்கு 12-ஆம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. அவனோ காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சினிமாப் பாட்டைக் கேட்டபடியே ரசாயனப் பாடம் படிக்கிறானாம். "சங்கீதம் கேட்டால் மூளை விருத்தியாகும் என்று மேல்நாட்டு விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள், அப்பா!" என்று ஜவாப் வேறு சொல்கிறானாம்.

மேல்நாட்டு விஞ்ஞானி என்றதும் வாயடைத்துப் போவது நமது பழைய வியாதி. ஆகையால் அந்த விஞ்ஞானிகள் உண்மையில் என்னதான் சொன்னார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

1993-ஆம் வருஷம் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மூவர், 36 மாணவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். மோட்ஸார்ட் இரண்டு பியானோக்களுக்கென்று இயற்றிய ஸொனாட்டாவை மாணவர்கள் 10 நிமிஷம் கேட்டார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படியிருக்கும் என்று ஊகிப்பது போன்ற கணக்குகளைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் உலகம் சும்மா இருக்குமா? 1998-இல் ஜார்ஜியா மாகாணத்தின் கவர்னர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு வழங்கச் சட்டசபையில் பணம் கேட்டார்! கடைசியில், மோட்ஸார்ட் வாழ்ந்து மறைந்த அதே வியன்னா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் ஏறக்குறைய 40 ஆராய்ச்சிகளைச் சேர்த்து நிறுத்துப் பார்த்து, அந்தச் சங்கீதத்துக்கென்று தனி மகிமை எதையும் காணோம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்மாணவர்கள் பாட்டைக் கேட்டு முடித்த பிறகே கணக்கைச் செய்தார்கள், கேட்டுக்கொண்டே செய்யவில்லை.

கேட்டுக்கொண்டே படித்தால் என்ன ஆகும்? நாம் வாய்விட்டுப் படிக்காதபோதும், மனத்துக்குள் ஒரு குரல் சொற்களை உச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பாட்டிலுள்ள சொற்களும் அந்த வாசலிலேயே வந்து முட்டுகின்றன. ஒரே திண்ணையில் இரண்டு பேர் உரக்கக் கதை சொன்னால் எந்தக் கதை விளங்கும்? வெறும் வாத்தியத்தைக் காட்டிலும் வாய்ப்பாட்டே ஞாபகத்தை அதிகம் கலைக்கிறது என்று 1989-இல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. "எனக்குப் பிடித்த பாட்டுத்தானே?" என்ற வாதமும் செல்லாது. 2011-இல் வெளியான வேல்ஸ் தேசத்துச் சோதனை ஒன்றில், வரிசையாக ஞாபகம் வைக்கும் வேலையைப் பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒன்று போலவே கெடுத்தன. தம்பூரா சுருதியைப் போல் மாறாமல் ஒலிக்கும் நாதமானால் தொந்தரவு குறைவு.

ஆகவே பையன் கட்சி தோற்றது என்று தீர்ப்பெழுத உத்தேசித்து, நேரில் சாட்சியம் பார்க்க நண்பர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டெலிவிஷனில் ஒரு மாமியார் கர்ஜித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் மிக்ஸி அலறிற்று. நண்பரோ செல்போனில், தெருக்கோடி வரையில் கேட்கும்படி, "சத்தம் போட்டுப் பேசாதீர்!" என்று யாருக்கோ உபதேசம் செய்துகொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில், மூலையில் அந்தப் பிள்ளை புஸ்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் காதில் மாட்டியிருந்தது சங்கீதமல்ல, சுவர்!

தீர்ப்பு வருமாறு: பையன் படிக்கும்போது இயர்போனைக் கழற்றிவிட வேண்டியது. அதற்கு முன்னால், தினந்தோறும் மாலையில் 2 மணி நேரம் வீட்டார் அனைவரும் மௌனத்தைத் தானமாக அளிக்க வேண்டியது. படிப்பு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, வேறு வேலை எதுவும் செய்யாமல், அரை மணி நேரம் நல்ல பாட்டுக் கேட்க வேண்டியது. பாடத்துக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் முழு மனத்தைக் கொடுப்பதுதான் மரியாதை.

பிரதிவாதி தீர்ப்பை உடனே ஒப்புக்கொண்டான். வாதிதான் அப்பீல் செய்யப் போகிறாராம்.