அணில் வேட்டைக்கு வேகம் எதற்கு?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை அணில் வேட்டைப் பருவம் தொடங்கும். உரிமம் வைத்திருப்பவர் நாளொன்றுக்கு ஆறு அணில்கள் வரை சுடலாம். நம் வீட்டு மதிலில் ஓடும் கோட்டு அணிலை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் விளங்காது. அங்கே சுடப்படுவது அரை கிலோ எடையுள்ள சாம்பல் அணில். வீடு போய்ச் சேர்ந்தால் குழம்பாகவோ வறுவலாகவோ தட்டில் விழுவது. அதற்கென்று முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவரிடம் விளம்பரங்கள் அதிகம் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். குண்டு எவ்வளவு விரைவாகப் பறக்கிறது, எவ்வளவு தூரம் வளையாமல் போகிறது என்பதை வைத்தே விலையும் ஏறுகிறது. இந்தப் போக்கு வேட்டைக்காரரின் பணத்தையும் வீணாக்குகிறது, விலங்கின் வேதனையையும் கூட்டுகிறது என்பது என் கட்சி. மரத்து அணிலுக்கும் புதர் முயலுக்கும் 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவே இன்றும் சரியானது. அதிலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாத மெதுவான வகை. அதைச் சுடுவதற்கு, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் எளிய ரைஃபிள் போதும்.

அந்தத் தோட்டாவின் அமைப்பைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பெரிய ரைஃபிள் தோட்டாவின் அடிப்பாகத்தில், நட்டநடுவில், தீப்பற்றும் மருந்து அடைத்த சிறு மூடி ஒன்று தனியே பதிந்திருக்கும். .22 அடங்கும் ரிம்ஃபயர் வகையில் அந்த மூடி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே பொந்தாக மடிந்திருக்கும். மருந்தை ஈரப்பதத்தில் கூட்டுக்குள் இட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றி, அந்த விளிம்புப் பொந்து முழுவதும் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி எந்த இடத்தில் விளிம்பை நசுக்கினாலும் தீப்பற்றும். நசுங்குவதற்காகப் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தத்தைத் தாங்காது. எனவே இவ்வகைத் தோட்டாவின் வலிமைக்குப் பிறவியிலேயே ஓர் உச்சவரம்பு உண்டு. சுட்ட கூட்டை மறுபடி நிரப்பவும் முடியாது. ஆனால் செய்யச் செலவு குறைவு, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். இந்த வரம்பைத் தள்ளிப் பார்க்கும் முயற்சிகள் தொடர்ந்து நடந்துவந்தன. 1959இல் வின்செஸ்டர் நிறுவனம் நீண்ட கூடு கொண்ட .22 மேக்னத்தைக் கொண்டுவந்தது. 2002இல் ஹார்னடி நிறுவனம் அதே கூட்டின் கழுத்தைச் சுருக்கி .17 ஹெச்.எம்.ஆர். என்ற தோட்டாவை உருவாக்கியது. மெதுவான .22இல் 2.6 கிராம் ஈயக்குண்டு நொடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஆற்றல் ஏறத்தாழ 138 ஜூல். .17இல் குண்டு 1.1 கிராம்தான், வேகமோ 777 மீட்டர், ஆற்றல் 330 ஜூலைத் தாண்டும்.

இரண்டு மடங்குக்கும் மேலான இந்த ஆற்றல் அரை கிலோ அணிலிடம் என்ன செய்யும்? தலையில் பட்டால் இரண்டு குண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அதற்கு மேல் இறப்பதற்கு ஒன்றும் இல்லை. உடலில் பட்டால் .17இன் குண்டு, உள்ளே சிதறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டதால், தோளையும் விலாவையும் கிழித்துக் கறியைப் பயனற்றதாக்குகிறது. குறி தவறிக் காலிலோ வயிற்றின் ஓரத்திலோ பட்டால், எத்தனை ஜூல் இருந்தாலும் அணில் பல நேரம் ஓடிப்போய் மரப்பொந்தில் ஒடுங்கிவிடும். அங்கேயே சாகும், யாருக்கும் தெரியாது. சட்டம் நிர்ணயிக்கும் ஆறு என்ற எண்ணிக்கையில் பையில் விழுந்தவை சேரும். பொந்தில் செத்தவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆகவே வேட்டைக்காரர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘நான் சுட்டால் நான் நினைத்த இடத்தில் படுமா?’ என்பது. அணிலின் தலையில் உடனடிச் சாவைத் தரும் பகுதி ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்குள் எந்தத் தூரம் வரை தவறாமல் வைக்க முடிகிறதோ, அதுதான் அவருடைய வேட்டைத் தூரம். ஆகஸ்டில் ஹிக்கரி மரங்கள் இலையடர்ந்து நிற்கும். கொட்டையின் தோலை அணில் கொறித்து உதிர்க்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் அது இருக்கும் மரத்தையே கண்டுபிடிப்பார்கள். அந்தக் காட்டில் ஐம்பது கஜத்துக்கு மேல் கண்ணுக்குக் கிடைப்பதே அரிது. நூற்றைம்பது கஜத்துக்கான துப்பாக்கியை அங்கே தூக்கிக்கொண்டு அலைவதில் என்ன பயன்?

வேகமான குண்டு காற்றில் குறைவாக விலகும் என்பது பொதுவான நம்பிக்கை. .22 லாங் ரைஃபிளுக்குள் மட்டும் பார்த்தால் இது தலைகீழ். ஒரே எடையுள்ள குண்டை நொடிக்கு 326 மீட்டர் வேகத்திலும், ‘ஹை வெலாசிட்டி’ என்று விற்கப்படும் 380 மீட்டர் வேகத்திலும் சுட்டால், பக்கக் காற்றில் அதிகம் விலகுவது வேகமான குண்டுதான். பறக்கும் மொத்த நேரத்தை வைத்துக் காற்று குண்டைத் தள்ளுவதில்லை. தடையே இல்லாவிட்டால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதே விலகலைத் தீர்மானிக்கிறது. ஒலியின் வேகம் இருபது டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அந்த எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும் காற்றுத் தடை திடீரென்று எகிறுகிறது. எல்லையைத் தாண்டிப் புறப்படும் குண்டு வழியெல்லாம் அந்தத் தடையோடு மல்லுக்கட்டித் தன் வேகத்தை இழக்கிறது. எல்லைக்குக் கீழே புறப்படும் குண்டுக்கு அந்தச் சண்டையே இல்லை. நூறு கஜத்தில், மிதமான பக்கக் காற்றில், இரண்டுக்கும் இடையே ஒரு விரற்கடை வித்தியாசம் வரும். அணிலின் தலை அளவே அதுதான். ஒலியைத் தாண்டாத குண்டு ‘படீர்’ என்ற வெடிப்பை எழுப்புவதில்லை என்பது கூடுதல் லாபம். பக்கத்து மரத்து அணில் சற்று நேரம் உறைந்திருந்துவிட்டு மீண்டும் கொறிக்கத் தொடங்கும்.

இதற்குச் சான்று தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி .22 லாங் ரைஃபிளில் நடப்பது. அந்த இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான். பதக்கத்துக்காகச் செலவைப் பார்க்காதவர்கள் அங்கே கூடுகிறார்கள். அவர்கள் நாடுவது ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும் தோட்டாவையே. போட்டித் துப்பாக்கியின் விலையும் எடையும் வேட்டைக்கு ஒத்துவராது, உண்மை. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. இரண்டு ஒரே மாடல் துப்பாக்கிகள் ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. எந்தக் குழலுக்கு எந்தத் தயாரிப்பு ஒத்துப்போகிறது என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய முடியும். நான்கைந்து வகைத் தோட்டாக்களை வாங்கி, ஐம்பது கஜத்தில் மூட்டை மீது சாய்த்துவைத்து, வகைக்கு ஐந்தைந்தாகச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பது, விலையுயர்ந்த துப்பாக்கிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைவிட அதிகப் பலன் தரும். .17 தோட்டா ஒன்றின் விலைக்கு .22 இரண்டு மூன்று கிடைக்கும். பழகுவதற்கு மலிவான தோட்டா இருந்தால்தான் மனிதர்கள் பழகுவார்கள்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. மெதுவான ஈயக்குண்டு கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்து வேறு திசையில் போகும். .17இன் மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே தூளாகிவிடும். மேற்கு மாநிலங்களின் திறந்த மேய்ச்சல் நிலங்களில், வளை தோண்டிப் பயிரையும் புல்லையும் அழிக்கும் தரை அணில்களை நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து சுடும் விவசாயிக்கு .17தான் பொருத்தம். வளையாத பாதை, காற்றுக்கு .22ஐவிடக் குறைந்த விலகல், குறைந்த தெறிப்பு என்று மூன்றும் அங்கே தேவை. ஆனால் அது கறிக்கான வேட்டை அன்று, காடும் அன்று. மரத்தில் இருக்கும் அணிலை நோக்கித் துப்பாக்கி மேல்நோக்கி நிற்கும். குறி தவறினால் எந்தக் குண்டும் காற்றில் தூளாகப் போவதில்லை; .22கூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கக்கூடியது. அடிமரமோ தடித்த கிளையோ பின்னால் இருக்கும்போது மட்டும் சுடுவது, வானம் பின்னணியாக இருந்தால் விட்டுவிடுவது என்ற விதி இரண்டுக்கும் பொது.

அரைத்தானியங்கி வகையில் இரண்டாவது குண்டு உடனே கிடைக்குமே என்பார்கள். 1964இல் வந்த ரூகர் 10/22 அவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். குறி தவறிய அணில் அடுத்த நொடியில் மரத்தின் மறுபக்கம் போய்விடும். இரண்டாவது குண்டு பெரும்பாலும் ஓடும் வாலைத்தான் துரத்தும். கென்டக்கியின் பழைய பெருமை வேறு மாதிரியானது. அணிலின் காலடியில் உள்ள மரப்பட்டையைச் சுட்டு, அந்த அதிர்ச்சியிலேயே அதை வீழ்த்தும் வித்தையை வேட்டைக்காரர் டேனியல் பூன் செய்துகாட்டியதாகப் பறவை ஓவியர் ஆடுபான் எழுதிவைத்திருக்கிறார். நம்புவது அவரவர் விருப்பம்.

அணிலைக் கொல்வதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று ஒரு தமிழ் வாசகர் கேட்பது நியாயம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; நாட்டுத் துப்பாக்கியோடு முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் சிக்கியவர்களின் செய்தியும் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் வேட்டை சட்டபூர்வமானது. துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் வசூலாகும் கலால் வரி, 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, பெரும்பாலும் மாநிலங்களின் வன உயிரினப் பணிகளுக்குப் போகிறது. அங்கே வேட்டை நாளையே நிற்கப்போவதில்லை. நிற்காத வரை, அது எவ்வளவு வேதனையோடு நடக்கிறது என்பது வேட்டையை எதிர்ப்பவருக்கும் உரிய கேள்வியே. சொல்லப்போனால் எதிர்ப்பவர்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.

என் வாதத்தை உண்மையில் சிரமப்படுத்துவது ஈயம். சுடப்பட்டு விடப்பட்ட உடல்களையும் குடல்களையும் தின்னும் பிணந்தின்னிப் பறவைகள் அதிலுள்ள ஈயத் துணுக்குகளால் நஞ்சேறிச் சாகின்றன. 1980களில் இருபத்துச் சொச்சம் என்ற நிலைக்கு வந்துவிட்ட கலிஃபோர்னியா கான்டார் கழுகுகளை மீட்டெடுத்துக் காட்டில் விட்ட பிறகும், அவற்றைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் ஈயத்துக்கே. அதனால் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியா எல்லா வேட்டையிலும் ஈயக்குண்டைத் தடைசெய்துவிட்டது; .22க்கும் விலக்கு இல்லை. சிதறும் வேகக் குண்டைவிட, தலையில் பட்டும் பெரும்பாலும் சிதறாத மெதுவான குண்டு கறியில் குறைவான ஈயத்தையே விடும் என்பது என் பக்கம் பேசும் செய்தி. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. செம்பு கலந்த மாற்றுக் குண்டுகள் கிடைக்கின்றன. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அவற்றில் சில 21 கிரெய்ன், அதாவது வழக்கமான எடையில் ஏறக்குறைய பாதிதான். அவை ஒலியைத் தாண்டிப் பாய்ந்து, சீக்கிரமே வேகம் இழந்து, நாற்பது கிரெய்ன் (2.6 கிராம்) ஈயத்துக்கென்று திருகு வெட்டப்பட்ட பல குழல்களில் சிதறலாக விழுகின்றன. இதைக் காட்டித் தடையை நீக்கச் சொல்வோர் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. ஐம்பது கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் விழாத செம்புக் குண்டு இருபத்தைந்து கஜத்தில் விழக்கூடும். அப்படியானால் கலிஃபோர்னியா வேட்டைக்காரர் மரத்துக்கு இன்னும் இருபத்தைந்து கஜம் நெருங்கிப் போகட்டும். சருகில் காலடிச் சத்தம் கேட்டு அணில் ஓடிவிட்டால், அன்றைக்கு ஆறில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.