உலக அரங்கில் கேட்கும் நீதி லைன் வீட்டுக்கும் வேண்டும்

நீலகிரியின் கட்டபெட்டுப் பகுதியிலிருந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் உதகைக்கும் சாலைகள் செல்கின்றன. 2009 நவம்பர் பெருமழையில் இவ்வட்டாரத்து மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பருவநிலை மாற்றம் என்பது இங்கு மாநாட்டுச் சொல் அன்று. சரிவில் வீடு கொண்டவர்களின் மழைக்கால அச்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 32 விழுக்காடு. தேயிலைத் தோட்டக் கூலிகளில் பெரும்பகுதியினர் இவர்களே.

1992 ரியோ மாநாடு முதல் இந்தியா ஒரு கொள்கையை விடாமல் வலியுறுத்தி வருகிறது: பொறுப்பு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் சமமானது அன்று. புவியைச் சூடாக்கிய செல்வ நாடுகள் கூடுதல் சுமையை ஏற்க வேண்டும். ஏழை நாடுகளுக்கு நிதி தர வேண்டும். இது நியாயமான வாதம். அந்த நிலைப்பாட்டுடன்தான், 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. 2030-க்குள் மின் நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவமற்ற மூலங்களிலிருந்து பெறுவோம் என்று 2022-இல் உறுதியளித்தது. அந்த இலக்கை 2025-லேயே எட்டிவிட்டதாக ஒன்றிய அரசு பெருமிதம் கொள்கிறது.

எட்டியது உண்மை. அதன் பலன் யாருக்கு என்பதே கேள்வி. உலக அரங்கில் நாம் கேட்கும் நீதி, நாட்டுக்குள் சாதியின் படிகளில் இறங்கி வருகிறதா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடுகளை நிறுவ 75,021 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. ஒரு குடும்பத்துக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அதன் நிபந்தனைகளில் ஒன்று: தகடு பொருத்தத்தக்க கூரையுடன் சொந்த வீடு இருக்க வேண்டும். நடுநிலையாகத் தோன்றும் இந்த வரி, லைன் வீட்டில் வாழ்பவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியது. வீட்டைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை. தலைமுறைகளாக உழைத்தும் தலைக்கு மேலுள்ள கூரை அவருடையது அன்று.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியோரின் நிலையும் இதுவே. அவர்களின் மறுவாழ்வுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. வேலை கிடைத்தது, மண் கிடைக்கவில்லை. கூடலூரில் 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலங்களில் குடியிருப்போர் மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் போராடி வந்துள்ளனர். 1932-இல் பைக்காராவில் புனல் மின்சாரம் பிறந்த மாவட்டம் இது. இன்று குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் எழுகிறது. சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட் திட்டமிடப்பட்டுள்ளது. சூரிய, காற்று மின்சாரத்தைச் சேமிக்கும் கிடங்காக இம்மலை மாற்றப்படுகிறது. மலையின் நீர் தேவைப்படுகிறது. மலைவாழ் உழைப்பாளியின் பங்கு மட்டும் கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டில்தான் 100 யூனிட் இலவசமாயிற்றே என்று சிலர் கேட்கலாம். இலவச மின்சாரம் நிவாரணம். கூரைத் தகடு சொத்து. உபரி மின்சாரத்தை மின் கட்டமைப்புக்குத் தந்து கணக்கில் வரவு பெறலாம். ஏற்கெனவே சொத்துள்ளவருக்கு அரசுப் பணத்தில் மேலும் ஒரு சொத்து சேர்கிறது. இல்லாதவர் நுகர்வோராகவே நீடிக்கிறார்.

சட்டம் நமக்கு ஒரு பிடிமானத்தைத் தந்துள்ளது. 2024 மார்ச்சில் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமையை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் கண்டறிந்தது. பாதிப்பு ஏழைகள் மீது கூடுதலாக விழும்போது சமத்துவ உரிமையே பாதிக்கப்படுகிறது என்றது. பாதிப்பில் சமத்துவம் பேசும் 14-ஆம் பிரிவு, பலனைப் பகிர்வதிலும் பேசியாக வேண்டும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சொந்தக் கூரை இல்லாத குடும்பங்களுக்குப் பொது இடத்தில் கூட்டுச் சூரிய நிலையம் அமைத்து, அதன் மின்சாரத்தை அவர்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல் திட்டச் சட்டத்தின்கீழ் இதற்கு நிதி ஒதுக்க வேண்டும். மானியம் பெற்றோரின் விவரத்தைச் சமூக வாரியாக வெளியிட வேண்டும். குடியிருப்போருக்கு மனைப் பட்டா வழங்க வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு பாசனத்தையும் மின்சாரத்தையும் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். மலிவான மின்சாரம் இன்றித் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இன்றி வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்பது அவர் வாதம். அந்த வாதத்தைத் தொடர்வது நம் பொறுப்பு. மாணவத் தோழர்கள் தம் மாவட்டத்தில் கூரை மானியம் பெற்ற பட்டியல் சாதிக் குடும்பங்கள் எத்தனை என்று மின் பகிர்மானக் கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அப்படியொரு கணக்கே இல்லை என்று பதில் வந்தால், அதுவே நம் வழக்கின் முதல் ஆவணம்.